கேமரா யார் கையில் இருந்தது?

ஒரு பொருள் கீழே விழுந்தால் விழுந்த பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போட்டோக்காரன் முதலில் பார்த்தது மாமனாரை. வினை அங்கேதான் தொடங்கியது.

நடந்தது என்னவோ சின்ன விஷயம். ஒரு கம்பெனியில் ஊழியர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி குரூப் போட்டோ எடுக்கும் வேலை. ஏணியின் உச்சியில் நின்று எடுத்து முடித்தவன், இறங்குவதற்கு வசதியாகக் கேமராவைக் கீழே நின்ற மாமனாரிடம் நீட்டினான். அவர் இரண்டு கையையும் தூக்கினார். அடுத்த நொடி கேமரா சிமெண்டுத் தரையில் மூக்குக் குப்புற விழுந்து, லென்ஸ் கோணிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு நேரம் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சியும் சிரிக்காத இரண்டு பேர் அப்போது பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. ஏணியில் நின்றபடியே கத்தினான்.

“ஒரு சாமானை வாங்கத் தெரியாதா உங்களுக்கு? வயசாச்சுன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே.”

மாமனார் முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு பெட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதுதான் அவருடைய சொத்து. சொல்லிக்கொள்ள வேறு சொத்தும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்கார முடியாமல் மாப்பிள்ளைக்கு லைட் பிடிக்க வந்த மனுஷர். கேமராவைப் பொறுக்கி, கைக்குட்டையால் துடைத்து, ஏணியின் கீழ்ப்படியில் பத்திரமாக வைத்துவிட்டு நடந்து போனார். அதற்குப் பிறகு மகள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட வாங்க, தண்ணி நிக்குது மோட்டார் போடுங்க என்ற அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். அப்பா கையிலிருந்து எதுவும் விழுந்து தான் பார்த்ததில்லை என்றாள். அப்போ நான் போட்டேன் என்கிறாயா என்று அவன் பாய்ந்தான். நான் அங்கே இல்லையே என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சர்வீஸ் கடைக்காரர் கேமராவை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் மாட்டும் வளையம் வளைந்திருக்கிறது, உள்ளே போகஸ் மோட்டாரும் போய்விட்டது, சரிசெய்யலாம், ஆனால் பாதிக் கேமரா விலை ஆகும் என்றார். போட்டோக்காரனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தொண்டையில் நின்றது. கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, இது யார் கையிலிருந்து விழுந்தது என்று பார்த்தால் தெரியுமா என்று கேட்டான். அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எவ்வளவு உயரத்திலேர்ந்து விழுந்துதுன்னு வேணா குத்துமதிப்பா சொல்லலாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல. கையெல்லாம் இதுல பதியாது சார்.”

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றால், அவன் நீட்டிய கையும் அவர் தூக்கிய கையும் சந்தித்த அதே இடம். கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. போனில் பேசிய பெண் அதிகாரி பணிவாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: விழும்போது கேமரா யார் கையில் இருந்தது? ஏன் கேட்கிறீர்கள் என்று அவன் இழுத்தான். பாலிசிக்காரர் கையிலிருந்து விழுந்தால் பணம் உண்டு, வேறு ஆள் கையிலிருந்து விழுந்தால் கிடையாது, எப்படி விழுந்தது என்று எழுதி அனுப்புங்கள், சேதத்தை மதிப்பிடும் எங்கள் சர்வேயர் நேரிலும் வந்து கேட்பார் என்றாள்.

மனைவியிடம் சொன்னான். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

“உங்க கையிலேர்ந்துதான் விழுந்துதுன்னு சொல்லிடுங்க. எனக்கென்னவோ அது பொய்னு தோணலை.”

எழுதி அனுப்பிவிட்டான். ஆனால் வாயால் சொல்வது வேறு. பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். அதனால் ஒத்திகை பார்த்தான். குளிக்கும்போது, முகம் மழிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது எல்லாம் முணுமுணுத்தான். ‘ஏணியில் இருந்து இறங்கும்போது என் பிடி தளர்ந்து, பட்டை விரலில் இருந்து நழுவி, கேமரா விழுந்துவிட்டது.’ பக்கத்து வண்டிக்காரர் ஏதோ மந்திரம் சொல்கிறான் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார்.

சொல்லச் சொல்லக் காது சிவப்பது நின்றது. கூடவே இன்னொன்று நடந்தது. கேமராவைத் தோளில் மாட்டும் பட்டை நழுவுவது நிஜமாகவே அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. வலது கை, மோதிர விரல் நுனி. பட்டையின் கொக்கி சில்லென்று பட்டுக்கொண்டு போனது. இது முன்பே இருந்த ஞாபகமா, ஒத்திகையில் முளைத்ததா? மாமனார் கை மூடித் திறந்ததைப் பார்த்தேனே என்று அந்தப் பழைய ஞாபகத்தைத் தேடிப் போனான். அங்கே கையைக் காணோம். அவன் போட்ட சத்தம் மட்டும்தான் இருந்தது. எது நடந்தது, எது நான் சொன்னது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பயமாகக்கூட இருந்தது.

சர்வேயர் வந்தார். ஏணியை அளந்தார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில் தண்ணீர் மாதிரி வந்தது. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை சார் என்றார் அவர். பாராட்டா குத்தலா என்று அவனுக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் பணம் வந்தது, கேமராவும் சரியாகி வந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று அவன் நிமிர்வதற்குள் மனைவி கேமராப் பையை எடுத்து அவன் தோளில் மாட்டினாள். போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் இந்த வீட்டில் பேச்சு என்றாள்.

மாமனார் வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அவனுக்கு ஒரு விஷயம் உறுதியானது: தப்பு என்னுடையதுதான், விட்டது நான்தான், போனதும் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்த மாமனார் வாங்க என்றார், நாற்காலியை நகர்த்திப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்குச் சுட்டது. தண்ணீரைக் குடிக்காமலேயே தொடங்கினான்.

“மாமா, ஏணியிலேர்ந்து இறங்கும்போது என் பிடி தளர்ந்து, பட்டை விரல்லேர்ந்து நழுவி...”

“கேமரா விழுந்துடுச்சு,” என்று மாமனார் முடித்து வைத்தார். “இது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினது. என் பொண்ணு போன்ல படிச்சுக் காட்டினா. எனக்குன்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க மாப்பிள்ளை.”

மனதார வந்த மன்னிப்பு, பணம் வாங்கித் தந்த வாக்குமூலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டல்லவா வந்து நிற்கிறது. வேறு வார்த்தை தேடினான். கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது.

“தெரியலை மாமா. நீங்க விட்டீங்களா, நான் விட்டேனான்னு சத்தியமா எனக்குத் தெரியலை.”

மாமனார் கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் தெரியலை,” என்றார் மெதுவாக. “கைக்கு வந்துச்சா, வரவே இல்லையான்னு தினமும் யோசிக்கிறேன். கிரேன்ல இருந்தவரைக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்ததே இல்ல.”

“கத்தினது நான்தான் மாமா. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.”

“ஆமா. அது எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. பிறகு மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கே, சரியாகிவிட்டதா, காட்டுங்கள் என்று எழுந்தார். அவன் பையிலிருந்து கேமராவை எடுத்து நீட்டினான். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். அவன் விடவில்லை.

“கிரேன்ல எப்போ மாமா விடுவீங்க?”

“கீழ நிக்கிறவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டணும். அப்பத்தான் விடுவேன்.”

“காட்டுங்க, விடறேன்.”

“ரெண்டு கையும் இதுல இருக்கே, எதைத் தூக்கிக் காட்டறது?” மாமனார் அப்போதுதான் சிரித்தார். “வாயால சொல்றேன், பிடிச்சுட்டேன். விடுங்க மாப்பிள்ளை.”

“இருக்கட்டும் மாமா,” என்றான் அவன். “இன்னும் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பிடிச்சிருப்போம்.”