கழுவிய கற்கள்

மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும், "இங்கயே இருங்க மாமா" என்று மாப்பிள்ளைதான் பெரியவரை நிறுத்தி வைத்திருந்தான். இருந்தாலும் சும்மா உட்கார்ந்து தின்னும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டுகளைக் கழுவியே காலம் தள்ளிய கை அது. வேலையில்லாமல் கிடப்பது அதற்குத் தண்டனை.

கூடத்தில் மகள் வளர்த்த கடல்மீன் தொட்டி இருந்தது. உள்ளே ஓட்டை ஓட்டையான கடற்கற்கள், சின்ன வட்டுகளில் ஒட்டி ஆடும் பவளங்கள், ஒரு ஜோடி ஆரஞ்சு மீன்கள். வேலைவிட்டு வந்ததும் மாப்பிள்ளை சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பான். பெண்டாட்டி பெயரைச் சொல்லி அழாதவன், அங்கே மட்டும் முணுமுணுவென்று ஏதோ பேசுவான்.

ஒருநாள் காலை பெரியவர் குனிந்து பார்த்தார். கல்லெல்லாம் பழுப்புப் பாசி. வடிகட்டியின் பஞ்சு, சேற்றில் புரட்டிய கந்தல் மாதிரி இருந்தது. 'பாவம், ஒண்டி ஆளா எத்தனையத்தான் பாப்பான்' என்று நினைத்தார்.

மீன்களையும் பவளங்களையும் பக்குவமாக வாளிக்கு மாற்றினார். கற்களைக் குழாயடியில் வைத்து, வெளுக்கும்வரை பிரஷ்ஷால் தேய்த்தார். பஞ்சையும் மணலையும் தெளிந்த நீர் வரும்வரை அலசினார். பழைய கடல்நீரையே திரும்ப ஊற்றி, மீன்களையும் பவளங்களையும் உள்ளே விட்டார். மூலையைப் பார்த்து நீரை வீசிக்கொண்டிருந்த அலை மோட்டாரைப் பவளங்களின் பக்கம் திருப்பி, வேகத்தையும் கூட்டினார். தொட்டி கண்ணாடியாக மின்னியது. மகள் போன பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாகப் பசித்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கல்ல எதுல கழுவுனீங்க?"

"குழாய்த் தண்ணிலதான் மாப்ள. எம்புட்டு அழுக்குங்கிறீங்க!"

"அது அழுக்கில்ல மாமா. மீனோட கழிவைத் தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சிருந்த கிருமிங்க அந்தக் கல்லுலயும் பஞ்சுலயும்தான் இருந்துச்சு. குழாய்த் தண்ணில இருக்கிற மருந்து அத்தனையையும் கொன்னிருக்கும். இனிமே மீனுங்க விடுற கழிவே அதுங்களுக்கு விஷம்."

கிருமியைக் கொல்வதற்கே சம்பளம் வாங்கிய மனிதர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை மோட்டாரைத் திருப்பி வேகத்தைத் தணித்தான். நேரடி வீச்சில் பவளங்களின் சதை ஏற்கெனவே கிழிந்து பறந்திருந்தது. வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடி, கிருமி ஊறிய கல் ஒன்று வாங்கி வந்தான்.

"ஒரு கல்லு எப்படித் தாங்கும்? பெருக வாரக்கணக்காகும்னு சொல்றாரு" என்றான்.

இருவரும் உப்புக் கரைத்துக் கரைத்துத் தண்ணீர் மாற்றினார்கள். தூக்கித் தூக்கிப் பெரியவரின் தோள் இற்றுப்போனது. அப்படியும் மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அதற்கடுத்த நாள் இரண்டும் பக்கவாட்டில் மிதந்தன. பவளங்கள் சளியாகக் கரைந்து, வீடு முழுக்க நாறியது.

"நாலு அடி அடிச்சிடுங்க மாப்ள," என்றார் பெரியவர். "இப்படிப் பேசாம இருக்காதீங்க."

மாப்பிள்ளை வாளியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, தெரியும். கோபம் இல்ல மாமா. ஆனா கொஞ்ச நாளைக்கு உங்க முகத்தப் பாக்க என்னால முடியாது."

பெரியவர் உள்ளே போய்த் துணிகளைப் பையில் அடுக்கினார். பெரியவரின் தம்பி வீட்டுக்கு மாப்பிள்ளையே வண்டியில் கொண்டுபோய் விட்டான். இறங்கியதும், "மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார் பெரியவர். எடுத்திருக்கவில்லை.