சூசையண்ணனுக்கு யூதாஸ் வேஷம்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. 1997 தவக்காலத்தில், திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலின் பாஸ்கா நாடகத்தை, அதாவது இயேசுவின் பாடுகளை நடிக்கும் நாடகத்தை, எழுதி நடத்திய இனிகோ நான்தான். கதையை இப்படித் தொடங்கினேன்:

பூ மார்க்கெட்டில் தராசு பிடிக்கும் சூசை, ஒரு வெள்ளந்தியான

(அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.)

2

வெள்ளந்தி என்பது எங்கள் ஊரில் பாராட்டு. ஆளை நிற்கவைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாததுபோலச் சொல்வோம். சொன்ன கையோடு ஒரு வேலையும் வைப்போம். "சூசை வெள்ளந்தி மனுசன்" என்று யாராவது தொடங்கினால், பெஞ்சு தூக்க ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நானும் அப்படிச் சொல்லியே பதினோரு வருஷம் அவரை இயேசுவாக்கிச் சிலுவையில் ஏற்றினேன். வசனம் கம்மி, அடி ஜாஸ்தி. முனகக்கூட மாட்டார்.*

* அவர் மனைவி அமலராணியின் கருத்து வேறு: "வெள்ளந்தியாம்ல. வெஞ்சனத்துல உப்பு கம்மியான அன்னிக்கு வீட்டுப் பக்கம் வந்து பாருங்க தம்பி."

3

அந்த வருஷம் ஒத்திகையின் முதல் நாளே சூசையண்ணன் வந்து நின்றார்.

"ஏலே இனிகோ, எனக்கு யூதாஸ் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சொன்னேன்:

"அண்ணே, உங்க மூஞ்சிக்கு யூதாஸா? ஒருத்தனும் நம்ப மாட்டான்."

சூசையண்ணன் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தொடப்போகிறார். ஒரு தடவையாவது ஒரு மனிதன் தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அது அவருக்கு விளையாட்டே இல்லை.

"யாரும் நம்பாத ஆளு எப்புடிப்பா காட்டிக்குடுக்க முடியும்? எல்லாரும் நம்புன ஆளுதான யூதாஸு."

(என் நாடகத்தில் இப்படி ஒரு வசனம் கிடையாது. பொறாமையில் வேஷத்தைக் கொடுத்துவிட்டேன்.)

4

இயேசுவுக்கு வேறு ஆள் அமையவில்லை. தாடி எனக்கு மட்டும்தான் இருந்தது.

பெரிய வெள்ளி, ராத்திரி எட்டு மணி. கெத்சமனித் தோட்டமாக நாலு வாழைக்கன்று. சூசையண்ணன் நிதானமாக வந்து என் தோளைப் பிடித்தார், கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு, நான் எழுதாத ஒரு வரியைக் காதோடு சொன்னார்.

அ) "பதினோரு வருசம் தூக்கினேன். இன்னிக்கு நீ தூக்கு."

(நன்றாக இருக்கிறது. ஆனால் இது நான் புனைந்தது.)

ஆ) "சிலுவை கனமாருக்கும் அப்பு, இடது தோள்ல வச்சுக்க."

(பாருங்கள், மறுபடியும் அவரை வெள்ளந்தியாக்கப் பார்க்கிறேன்.)

இ)

உண்மையில் அவர் சொன்னது அந்த மூன்றாவது. படைவீரர்கள் இழுத்துப் போகும்போது, அண்ணனுக்கு முதுகைக் காட்டப் பயந்து பின்னோக்கியே நடந்தேன். பிரமாதமான நடிப்பு என்று முன்வரிசை ஆரோக்கியம்மாள் அழுதார். நான் நடிக்கவில்லை.

5

மூன்றாவதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பியபின், முதல் வரியில் நான் அடித்த சொல்லைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்பதும் உங்கள் பாடு.

பார்த்து எழுதுங்கள். அண்ணன் இதைப் படிப்பார்.