எட்டு ஆவர்த்தனம் கிளாரினெட்

பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து சி.டி.யாகப் போடுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கடுப்பு. கீறல் சத்தத்தைத் துடைக்கிறேன் என்று கிளம்பி, வாசித்தவனின் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். கான்சஸ் சிட்டியில் இசைத்தட்டுக் கடை நடத்துகிறவன் இதைச் சகித்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும்.

எல்வுட் கிரிக்ஸ் என்ற கிழவர் கடைக்கு வரத் தொடங்கிய பிறகு என் கடுப்புக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ஸ்விங் என்கிற ஜாஸ் பாணி கொடிகட்டிப் பறந்த காலத்தில் ரூஃபஸ் டில்லார்டின் பெரிய இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். பின்வரிசையிலேயே காலம் போனது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் எட்டு ஆவர்த்தனம், உச்ச ஸ்தாயியில், தனியாக வாசிக்க விட்டார்கள். அவரிடமிருந்த தட்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஊருக்குள் புகுந்த வெள்ளம் கொண்டுபோனது. சாவதற்குள் அந்த எட்டை ஒரு முறை கேட்க வேண்டும் என்பார். என்னிடம் அவர் வேறு எதுவும் கேட்டதில்லை.

முதலில் கிடைத்த சி.டி.யைப் போட்டேன். தன்னைத் துடைத்துவிட்டார்கள் என்றார். உண்மைதான், கம்பளிக்குள் வாசித்த மாதிரி இருந்தது. அவருக்காக நானும் திட்டினேன். அடுத்ததில் எதிரொலியைச் சேர்த்துக் குளியலறைக் கச்சேரி ஆக்கியிருந்தார்கள். அதிலும் தான் இல்லை என்றார். கிளாரினெட் எனக்குக் கேட்கத்தான் செய்தது. மானமுள்ள வாத்தியக்காரர், இந்தக் கண்றாவியைத் தன் வாசிப்பென்று ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் டென்மார்க்கில் ஒரு கிறுக்கன் இருப்பது தெரிந்தது. தேயாத பழைய தட்டாகத் தேடிப் பிடித்து, இரைச்சலில் கைவைக்காமல் அப்படியே பதிவு செய்கிறவன். அவன் போட்ட சி.டி.யை வரவழைத்து, எல்வுட்டையும் வரச் சொன்னேன்.

பாட்டு ஓடியது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதிப்பை நான் கேட்டதில்லை. டிரம்பெட்டுகள் அடங்கின. முழங்கால் மேல் இருந்த எல்வுட்டின் விரல்கள் அசைந்தன. கிளாரினெட் கண்ணாடி மாதிரி மேலே ஏறியது. விரல்கள் ஒரு ஸ்வரம் பிசகாமல் கூடவே ஏறின.

எட்டும் முடிந்தது. விரல்கள் நின்றன.

"பாஸ் இருக்கு, டிரம் இருக்கு. நான்தான் இல்ல," என்றார். "இவனும் வெட்டிட்டான் தம்பி."

அப்போது கடைக்கதவின் சின்ன மணி அடித்தது, யாரோ உள்ளே வந்தார்கள். எல்வுட் திரும்பவில்லை. அந்த மணிக்கு அவர் ஒருநாளும் திரும்பியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னுடையது தடித்த, கீழ் ஸ்தாயிக் குரல். அது அவருக்குக் கேட்டதால் காது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன், மடையன். உயர்ந்த ஸ்வரங்கள் அவரை விட்டுப் போய் எத்தனை காலமோ. இனி எவன் எப்படிப் பதிப்பித்தாலும் அவருக்கு அங்கே கீழ் ஸ்தாயியில் முழங்கும் பாஸும் டிரம்மும்தான்.

"ஆமா பெரியவரே, வெட்டிட்டானுங்க," என்றேன்.

"வேற தேடுவியா?"

"தேடுறேன்."

எழுந்து தொப்பியை எடுத்தார். "அன்னிக்கு நான் நல்லா வாசிச்சேன்டா," என்றார்.

"ரொம்ப நல்லா வாசிச்சிருக்கீங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

தொப்பியோடு நின்றார். "நீ எங்க கேட்ட?"

கேட்டவர்கள் சொன்னார்கள் என்றேன்.