ஆறுதலா இழும், தம்பி

கிர்ர்ர்ரென்று ரீல் அலறியது. தூண்டில் நரம்பு ஏரிக்குள் பாய்ந்து ஓடியது.

"அங்கிள், உங்க பொண்ணை..." என்று ஆரம்பித்த அபிஷேக், மிச்சத்தை விழுங்கிக்கொண்டு தூண்டில் தடியைப் பிடித்தான்.

லவால் புறநகரைத் தாண்டி வடக்கே இரண்டு மணி நேரம் வந்திருந்தார்கள். படகு, கஜந்தினியின் அப்பா தியாகலிங்கத்துடையது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். கஜந்தினியும் அபிஷேக்கும் கோட்-டெ-நெய்ஜில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணம் பற்றிக் கேட்டதற்கு, "அப்பாவோடை கதையுங்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தாள். சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான் சென்னைக்காரன். அடுத்த வாரமே தியாகலிங்கம் போன் செய்து, "மீன் பிடிக்க வாறீரோ?" என்றதும், புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஜூலை வெயிலில் மேல்தண்ணீர் வெதுவெதுத்தது. தூலாடி மீன்கள் நூறு அடிக்குக் கீழே, குளிருக்குள் கிடந்தன. ஈயக் குண்டோடு தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கி, படகை நடை வேகத்தில் ஓட்டினால்தான் கவ்வும்.

"ஆறுதலா, தம்பி! ஆறுதலா!" என்று கத்தினார் தியாகலிங்கம்.

ஆறுதலா? மீன் தப்பினாலும் கவலைப்படாதே என்கிறார். என்ன மனசு! அபிஷேக் வெறியோடு சுற்றினான்.

"ஆறுதல் எல்லாம் வேணாம் அங்கிள், பிடிச்சிடுவேன்!"

"உமக்கென்ன விசரோ? மெதுவா எண்டு சொல்லுறன்!"

அதற்குள் மீன் மேலே வந்துவிட்டது. வயிறு பந்தாக ஊதியிருந்தது. தியாகலிங்கம் அளந்தார். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.

"இந்த ஏரியில அறுபதுக்குக் குறைஞ்சால் விடோணும்."

விட்டார்கள். மீன் மல்லாந்து மிதந்தது. அபிஷேக் கையால் கீழே அமுக்கினான். மேலே வந்தது. இன்னும் ஆழமாக, புதுச்சட்டை தோள்வரை நனைய அமுக்கினான். அப்போதும் வந்தது.

"மெதுவா வந்திருந்தால் வழியில காத்தைக் கக்கியிருக்கும். இனி ஒண்டும் ஏலாது."

"எடுத்துக்கவாவது செய்யலாமே அங்கிள்?"

"எடுத்தால் குற்றம்."

செவுள் மெல்லத் திறந்து மூடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா உறுமிக்கொண்டிருந்த மோட்டாரைத் தியாகலிங்கம் நிறுத்தினார்.

"கஜந்தினியை எனக்குக் குடுங்க, அங்கிள்."

அவர் ஈரமில்லாத கையைத் துணியில் துடைத்தார். பிறகும் துடைத்தார்.

"அவளுக்கு விருப்பமில்லை, தம்பி. உம்மட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது, நீங்களே சொல்லுங்கோ அப்பா எண்டு அவள்தான் என்னை அனுப்பினவள்."