மூக்குக்கு நேராக மூன்றாவது ஸ்பீக்கர்

ஹோல்கருக்குப் பார்வை முழுதாகப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவனும் மனைவி டாக்னியும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை விடவில்லை. "இப்ப அவ கதவத் திறக்கறா... இப்ப அவன் கோட்டைக் கழட்டறான்" என்று டாக்னி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். நவம்பரில் ஒரு நாள் ஹோல்கர் பாதிப் படத்தில் எழுந்துவிட்டான்.

"நீ பேப்பர் படிச்சுக் காட்டற மாதிரி இருக்கு, டாக்னி. படம் பாக்கற மாதிரி இல்ல. இனிமே நீ மட்டும் பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான். அதன் பிறகு மூன்று ஞாயிறு அவன் சமையலறையில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தான்.

டாக்னி ஃப்ரெடரிக்ஸ்ஹாவன் துறைமுகத்தில் கப்பல் பட்டறை எலக்ட்ரீஷியன். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவளால் விட முடியாது. ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைக் கேட்டாள். டிவிக்கு அடியில் இருந்த ஒற்றை நீள ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துதான் எல்லாச் சத்தமும் வந்தது. ஐந்து பேர் ஒரே தபால் பெட்டிக்குள் அடைந்துகொண்டு பேசுவதுபோல் இருந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவே இல்லை. கண் திறந்திருக்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை. உதடு அசையும் இடத்தில் குரலைக் கண்ணே கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. ஹோல்கருக்கு ஒட்டித் தர யாரும் இல்லை.

முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர் வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இடது பக்கம் பேசியவன் நடுவுக்கு வரும்போது குரலின் நிறம் மாறினால், காது அவனை வேறு ஆளாக எண்ணிவிடும்.

ஊருக்குத் தெற்கே, பழைய சாமான் விற்கும் ஸ்வென்னிங்கின் களஞ்சியத்தில், கூரை வரை பழைய ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன.

"மூணா?" என்றான் ஸ்வென்னிங். "ஸ்பீக்கர் என்ன முட்டையா, எண்ணி எண்ணி எடுத்துக் குடுக்க? ஜோடியாத்தான் தருவேன்."

"அப்ப ரெண்டு ஜோடி குடு. நாலாவதப் பின்னாடி வச்சுக்கறேன்."

"மூணாவது எதுக்கு?"

"ஹோல்கர் மூக்குக்கு நேரா வைக்க."

ஸ்வென்னிங் பளபளப்பான ஒரு ஜோடியை முன்னால் இழுத்தான். டாக்னி, ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பின் விளிம்பைச் சுண்டுவிரலால் தொட்டாள். பஞ்சு விளிம்பு கேக் மாதிரி உதிர்ந்தது.

"நீ தொடற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அவன்.

"பாட்டுப் போட்டா அந்த அதிர்வுலயே உதிர்ந்துடுமே, ஸ்வென்னிங்."

கடைசி வரிசையில் கிடைத்தன அந்த நான்கும். எழுபதுகளில் செய்த தேக்குப் பெட்டிகள். விளிம்பு ரப்பர், ஐம்பது வருடம் கழித்தும் தோல்போல வளைந்தது. கூம்பைப் பல விரல்களால் சமமாக உள்ளே அழுத்தி, காதை வைத்துக் கேட்டாள். உள்ளே கம்பிச் சுருள் எதிலும் உரசவில்லை. பெரிய காகிதக் கூம்பு மனிதக் குரலின் நெஞ்சைச் சொல்லும். மேலே துணியால் ஆன சிறு குமிழ் நாக்கையும் பல்லையும் சொல்லும். இரண்டையும் ஒரே ஆள் பேசுவதுபோல் இணைத்திருந்த வேலையை நினைத்து, முகம் தெரியாத அந்தத் தொழிலாளிகளை அவள் மனதுக்குள் மெச்சினாள்.

வீட்டில் காய்ந்துபோன கெபாசிட்டர்களை மாற்றினாள். மூலையில் வைத்தால் மூலையும் சேர்ந்து முனகும் என்பதால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தாள். குமிழ்கள் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வரும்படி தாங்கிகள் செய்தாள். டிவியை உயர்த்தி மாட்டி, அதன் கீழே நடு ஸ்பீக்கரை நிறுத்தினாள். ஞாயிறு மதியம் ஹோல்கரைக் கூப்பிட்டாள்.

"கடைசித் தடவை" என்றான் அவன், ஜன்னலோரத்துத் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "சரியில்லன்னா எல்லாத்தையும் ஸ்வென்னிங்கிட்டயே ஏத்தி அனுப்பிடு."

படத்தின் தொடக்கத்தில் ஒரு சைக்கிள் தெருவைக் கடந்தது. ஹோல்கர் தலையைச் சாய்த்தான்.

"திரும்பப் போடு."

மூன்று முறை போட்டாள்.

"இடது பக்கம் கிளம்புது. கொஞ்ச தூரம் போனதும் காத்துல கரைஞ்சு போகுது. நடுவுக்கு வந்த பிறகுதான் மறுபடி சைக்கிளாகுது. அங்கேருந்து வலது வரைக்கும் ஒழுங்கா ஓடுது."

"நல்லாத்தான கேக்குது?"

"நான் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினவன். சைக்கிள் எங்க காணாமப் போகும்னு எனக்குத் தெரியாதா? உன் இடது ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருக்கு."

"மாறவே முடியாது. இந்தப் பழைய பிளக்குல ஒரு கால் தட்டை, ஒரு கால் உருண்டை. தப்பாச் செருகணும்னு நெனச்சாலும் நுழையாது." பட்டறையில் புதிதாக வருபவர்களுக்கு அவள் இதைத்தான் உதாரணம் காட்டுவாள்.

"பிளக்கு நுழையாது. ஒயர மாத்தின ஆளு நுழைஞ்சிருப்பான்."

டாக்னி ஒரு சின்ன பேட்டரியை எடுத்து வந்தாள். ஒயர் முனையில் அதைத் தொட்டால் கூம்பு ஒரு துள்ளு துள்ளும். வலது, வெளியே துள்ளியது. நடுவும் வெளியே. பின்னால் இருந்ததும் வெளியே. இடது மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. மற்றவை காற்றைத் தள்ளும் நேரத்தில் இது உறிஞ்சியிருக்கிறது; இதற்கும் நடு ஸ்பீக்கருக்கும் இடையில் போன சைக்கிளை இரண்டும் சேர்ந்து கலைத்திருக்கின்றன. பெட்டியைத் திறந்தாள். என்றோ யாரோ ஒயரை வெட்டி, மாற்றி ஒட்டியிருந்தார்கள். பிளக்கை நம்பி அவள் சோதிக்காமலே விட்டிருந்தாள்.

"நான் பேட்டரி வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். "நீ உக்காந்த இடத்துலேருந்தே கண்டுபிடிச்சுட்ட."

"இன்னொண்ணும் சொல்லவா? நடு, நடுவுல இல்ல. எனக்கு வலது பக்கமா இருக்கு."

"நீ சோபாவுக்கு வா. அதுக்கு நேராத்தான் டிவி இருக்கு."

"டிவி எங்க இருந்தா எனக்கென்ன?"

டாக்னி கையில் திருப்புளியோடு அப்படியே நின்றாள். எல்லோரையும்போல அவளும் திரையை நட்டுவைத்துவிட்டு, அதைச் சுற்றி ஒலியை அடுக்கியிருக்கிறாள். யாருக்காக இவ்வளவும் செய்தாளோ, அவனுக்குத் திரையே கிடையாது.

கருவிப் பையிலிருந்து நூலை எடுத்தாள். ஒரு முனையை அவன் மூக்கருகில் பிடிக்கச் சொல்லி, மூன்று ஸ்பீக்கருக்கும் ஒரே நீளத்தில் வளைவாக இடம் குறித்தாள். "கொஞ்சம் உள்ள திருப்பு... போதும்... இப்ப விடு" என்று அவன் சொல்லச் சொல்லத் தேக்குப் பெட்டிகளை விரல் கணக்கில் நகர்த்தினாள். டிவி கடைசியாகத்தான் போனது, நடு ஸ்பீக்கருக்கு மேலே. சோபாவிலிருந்து இப்போது அவள்தான் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

சைக்கிள் மறுபடி கடந்தது. ஹோல்கரின் முகம் ஒரு கோடு இழுத்ததுபோல இடமிருந்து வலமாக அதோடு போயிற்று. அவன் அதிமதுர மிட்டாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

பின்னால் நான்காவது ஸ்பீக்கரில் மழை பிடித்துக்கொண்டது. திரையில் காலி அறை. டாக்னி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"வலது பக்கம் வந்துட்டா" என்றான் ஹோல்கர். "குடைய உதறறா."

அடுத்த காட்சியில்தான் அந்தப் பெண் திரைக்குள் வந்தாள், சொட்டும் குடையோடு. டாக்னி வாயை மூடிக்கொண்டாள்.

கால் மணி நேரம் கழித்து அவன் மிட்டாய்ப் பையை அவள் பக்கம் நீட்டினான்.

"அவ கோட்டு என்ன கலரு?"

"பச்சை."

"ம்" என்றான். படம் முடியும் வரை வேறெதுவும் அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.