தண்ணி லாரிக்கு ஒரு நெகட்டிவ்

...எண்பது எழுத்துக்குள் ஒரு மனுஷனை எப்படித்தான் கொல்வது, இடைவெளியும் சேர்த்து எண்பது, அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தாலும் அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளாது, மட்டமான வார்ப்பு, வளைந்த சேசிஸ், அளவெல்லாம் தப்பு, ஏமாற்றுக்காரன், இதை இங்கிலீஷில் தட்டினால் எழுபத்தொன்பது, மூன்று மாதமாகச் செதுக்கிச் செதுக்கி வைத்த வாக்கியம், இன்று காலை ஆராதனையில் போதகர் ஐயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோதுகூட ஏசுதாசன் பாட்டுப்புத்தகத்துக்கு அடியில் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்த வாக்கியம். கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார், மணி ஒன்று பத்து, ஒன்று நாற்பதுக்கு, இன்டர்நெட் ஏலத் தளத்தில் வாங்கின பொருளைப் பற்றிக் கருத்து எழுதும் தொண்ணூறு நாள் கெடு முடிகிறது. அவசரக்காரன்தான் பார்சலைப் பிரித்த அன்றே நெகட்டிவ், அதாவது மோசம் என்று கருத்து, போடுவான், அந்த ஏலத் தளத்தில் வாங்கினவன் விற்றவனைப் பற்றி எழுதலாம், விற்றவனும் வாங்கினவனைப் பற்றி எழுதலாம், நீ ஒன்று போட்டால் அவன் ஒன்று போடுவான், நூறு சதவீதம் நல்ல பேர் தொண்ணூற்றாறாகிவிடும். விவரம் தெரிந்தவன் கடைசி நிமிஷம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அடித்த கையோடு கதவைச் சாத்திக்கொள்வான். அவருக்கு அந்தத் தளத்தில் இருபத்து மூன்று புள்ளி, ஒரு மஞ்சள் நட்சத்திரம், அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், பியூன்கூட ஒருமுறை இது இன்னா சார் அவார்டா என்று கேட்டான், ஒரு மாதிரி அவார்டுதான் என்றார்.

விற்றவன் பேர் ராயல் கோச் மினியேச்சர்ஸ், அட்டையில் கிரீடம், கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் சிங்கம், 1911 முதல் என்று வேறு, அனுப்புநர் முகவரி மட்டும் வெறும் தபால் பை எண்... அந்தக் கிரீடத்தைப் பார்த்துத்தானே விழுந்தோம். இல்லை, பொய் சொல்லக்கூடாது, விழுந்தது பொறாமையில். உலகத்திலேயே சென்னைத் தண்ணி லாரியை நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்தவன் தான் ஒருவன்தான் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, இன்னொருவன் அதையே ரெசின் பிசினில் வார்த்து, ஒட்டிச் சேர்க்கும் கிட்டாக விற்கிறான் என்றால் எப்படி இருக்கும், வாங்கிப் பார்ப்போம், நம்முடையதற்கு உறை போடக் காணுமா பார்ப்போம். வந்தது. டேங்க் முழுக்கக் காற்றுக் குமிழி, அம்மை போட்ட மாதிரி, சேசிஸ் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது, சக்கரம் ஆறுக்கு ஐந்து. அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கோபம் என்று வெளியில் சொல்லிக்கொண்டார், மனைவி ரத்தினபாய் மட்டும், என்ன, இவ்ளோ நல்ல மூடுல இருக்கீங்க என்றாள். உடனே தென் சென்னை மினியேச்சர் வாகனக் கழகத்தின் அவசரக் கூட்டம், தலைவர் அவர், செயலாளர் யக்ஞநாராயணன், பொருளாளர் தனசிங், உறுப்பினர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. குற்றப்பத்திரிகை தயாரிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம். அதற்காக அவர் தெருவில் நின்ற நிஜ லாரியிடமே போனார், டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு, வயசு ஐம்பத்து மூன்று, டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு அளந்தார், டிரைவர் தலையை நீட்டி, இன்னா சார், வண்டிய வெலைக்குக் கேக்கப் போறியா, ஆர்சி புக்கு ஓனராண்ட கீது என்று சிரித்தான். சிரிக்கட்டும். பதினாலு குற்றங்கள் கிடைத்தன. இடது ஜன்னல் வலதை விட அகலம். பானெட் குட்டை. டேங்க் கொஞ்சம் நீளம். ஏணியில் எட்டுப் படிக்கு ஏழு. எண் போட்டு, மில்லிமீட்டர் போட்டு, கழகத்தின் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து, இமெயிலில் வெளிநாட்டு மாடல்காரர்கள் குழுவுக்கும் அனுப்பிவிட்டார், பெல்ஜியத்திலிருந்து ஒருவர், மிகக் கூர்மையான கண் என்று பதில் போட்டார்.

கூர்மையான கண். இன்று காலை பத்தரைக்கு, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, அந்தக் கூர்மையான கண்தான் ஒரு யோசனை சொன்னது, உன் லாரியையும் அவன் லாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடு, உலகம் வித்தியாசம் பார்க்கட்டும். ஷோகேஸைத் திறந்தார். நாலு வருஷத்தில் இரண்டாவது தடவை. மேஜையில் வைத்தார், ஒன்று பெயின்ட் அடித்துப் பளபளவென்று, ஒன்று வெளிறிப்போய் அம்மைத் தழும்போடு... தன் லாரியின் ஜன்னலைப் பார்த்தார். இடது ஜன்னல். ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் பழசு என்று இன்னொரு ஸ்கேலை வைத்தார். பானெட்டை அளந்தார். ஏணியை மேலிருந்து எண்ணினார், கீழிருந்து எண்ணினார், கர்த்தரே, ஏழு. கடைசியில் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தபோது, டேங்குக்கு அடியில், பட்டி காய்வதற்கு முன்னால் அழுந்திய தன் கட்டைவிரல் ரேகை, நடுவில் பிளேடு கிழித்த தழும்பின் கோடு, இரண்டு லாரியிலும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில். குமிழியும் வளைவும் காணாமல் போன சக்கரமும் ராயல்காரனுடையவை. மற்ற பதினொன்றும்? கையெழுத்துப் போட்ட மாதிரி ரேகை வேறு. யார் எடுத்துக்கொண்டு போனார்கள், வீட்டை விட்டு அது போனதே ஒரே ஒரு தரம், பாரிஷ் ஹால் கண்காட்சி, அங்கே வந்து கைகட்டி நின்று, சார் ரெண்டு நாள் குடு சார், மொதலாளி கைல காட்டிட்டு இட்டாந்துர்றேன் என்று கெஞ்சினானே அந்த இளமாறன், திருமுடிவாக்கத்தில் ஃபைபர் பட்டறையில் வேலை, இரண்டு நாள் என்று இரண்டு வாரம் கழித்துத் தந்தான், லேசாக எண்ணெய் வாசனை அடித்தது, ரசித்துத் தடவிப் பார்த்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனோமே, மடையன், அச்செடுத்திருக்கிறார்கள். கொலை செய்ய வேண்டும். எண்பது எழுத்து போதாது.

ஆனால் என்ன எழுதுவது. திருடன் என்று எழுதலாம், என் மாடலைத் திருடி வார்த்தான் என்று எழுதலாம், எழுதின அடுத்த நிமிஷம் பெல்ஜியக்காரன் கேட்பான், அப்படியானால் அந்தப் பதினொரு தப்பும் உங்களுடையதா என்று. அளவெல்லாம் தப்பு என்று பழைய வாக்கியத்தையே போடலாம், போட்டால் தன் முகத்தில் தானே துப்பிக்கொண்ட மாதிரி. சும்மா இருந்துவிடலாமா, தொண்ணூறு நாள் தவம் கிடந்துவிட்டு சும்மாவா, அவன் கிரீடமும் சிங்கமுமாக இன்னும் விற்றுக்கொண்டிருப்பான், இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு விற்றிருப்பதாகப் பக்கம் சொல்கிறது. மணி ஒன்று இருபத்திரண்டு. செல்போனில் தேடினார், இளமாறன் ஃபைபர் என்று பதிந்து வைத்த எண் இருந்தது. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான், பின்னால் கிரைண்டர் சத்தம், ஞாயிற்றுக்கிழமையும் திருட்டு நடக்கிறது. அவர் ஆரம்பித்த விதமே, மிஸ்டர் இளமாறன், திஸ் இஸ் தி பிரசிடென்ட் ஸ்பீக்கிங், என்றுதான். அவன் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, சார், லாரி சாரா, நல்லா கீறியா சார் என்றான். ராயல் கோச் யார் என்றார். அவன், இன்னா சார், இப்பத்தான் பாத்தியா, நாலு வருசமா நீ கேப்பே கேப்பேன்னு நானே பயந்துகினு இருந்தேன், மொதலாளிதான் சார் அது, பகல்ல பாத்ரூம் கதவு ஊத்துறோம், மிஞ்சுன நேரத்துல ராயல்... தப்புதான் சார். ஏசுதாசன் போலீஸ் என்றார், காப்பிரைட் என்றார், குரல் தடுப்பைத் தாண்டிப் போய், சென்டர் நடத்தும் வெண்ணிலா எட்டிப் பார்த்து, சார் மெதுவா, பக்கத்துல ஆன்லைன் இன்டர்வியூ நடக்குது என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் ஆமா சார், ஆமா சார் என்றான். பிறகு ரொம்ப மரியாதையாக ஒன்று சொன்னான், ஒண்ணு மட்டும் சார், உன் வேலைல நாங்க கை வெக்கல. ஜன்னல் பெருசா கீதுன்னு அன்னிக்கே பாத்தேன், பட்டி வெச்சி சரி பண்ணிட்லாம்னேன், மொதலாளி வாணாம்னுட்டாரு, டேய் படிச்சவரு செஞ்சிகீறாரு, இன்னாத்துக்குன்னு அவருக்குத் தெரியும், அப்டியே எட்றான்னாரு. அந்த ஏணி மட்டும் எனுக்கு இன்னிவரிக்கும் பிரியல சார். எங்க தெருவுக்கும் அதே லாரிதான் வரும், எட்டுப் படி. நீ ஏன் சார் ஏழு வெச்சே?

ஏன் ஏழு வைத்தேன். போனை வைத்துவிட்டார், பதில் சொன்னாரா, ஏதோ ஸ்கேல் எஃபெக்ட் என்று சொன்னார் போலிருக்கிறது. மணி ஒன்று முப்பத்தொன்று. ஒரு பாத்ரூம் கதவுக்காரன் இரண்டு நாளில் பார்த்ததை... அப்படியானால் பாரிஷ் ஹாலில் பார்த்தவர்கள், யக்ஞநாராயணன் பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் குனிந்து நின்றாரே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ராஸ்கல், செயலாளர் பதவியிலிருந்து அவனை... அவனை எடுத்தால் கழகத்தில் இரண்டு பேர். பெட்டிக்குள் கர்சர் துடிக்கிறது. மூல வடிவம் மிக அருமை, வார்ப்பு மட்டும் மோசம் என்று தட்டிப் பார்த்தார், இங்கிலீஷில் அறுபத்தைந்து எழுத்துதான் ஆயிற்று, பதினைந்து மிச்சமிருந்தது, மேதை என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, வெட்கம் வந்து, அழித்தார். ஏன் ஏழு? அளந்துதானே செய்தேன். எங்கே அளந்தேன்? இரண்டாயிரத்து மூன்று, மழை பொய்த்த வருஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும், ஹார்ன் கேட்டவுடன் தெருவே குடத்தோடு ஓடும், அவரும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார், மாடி பால்கனிக்கு. கீழே போக முடியுமா, சீனியர் சூப்பரின்டெண்ட், ஆபீஸ் உடுப்பு, பிளாஸ்டிக் குடம். பால்கனியிலிருந்து பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளந்தார், லாரி எப்போதும் இடது பக்கம் காட்டித்தான் நிற்கும், அந்த ஜன்னல் பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும், மேலிருந்து பார்த்தால் பானெட் குட்டையாகத்தான் தெரியும். வஞ்சம் தீர்ப்பதென்றதும் டேப்போடு டயருக்குப் பக்கத்தில் போய் உட்காரத் தெரிந்ததே, அப்போது இறங்கவில்லையே. வெண்ணிலா மறுபடி எட்டிப் பார்த்து, சார் ஒன்னரை மணி நேரம் ஆச்சு, கண்டினியூ பண்றீங்களா, க்ளோஸ் பண்ணிடலாமா என்றாள், ஒரு நிமிஷம்மா என்றார். கீழ்ப் படி ஏன் தெரியவில்லை, ஏணி டேங்குக்குப் பின்னால், குழாய்க்குப் பக்கத்தில், அங்கேதானே கூட்டம் நெருக்கும், மேலே ஏழு படி பளிச்சென்று தெரிந்தது, எட்டாவதை மறைத்துக்கொண்டு தலைகள். பொம்பளைங்க தலைகள். ஒவ்வொரு முறையும் முதல் ஆளாக இடம் பிடித்து ஏணியில் கை ஊன்றி நிற்கும் ஒரு தலை, மேலே நிமிர்ந்து பார்க்கவே பார்க்காது, குடம் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு இவருடைய வாசலுக்குள்ளேயே வரும், மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும்... திரை தானாக ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது, பெட்டி போய்விட்டது, கெடு முடிந்தது என்று ஒரு வரி. அவர் அதைப் படித்தார், மறுபடி படித்தார், ரத்தினபாய்க்கு வகிட்டில் நரை விழுந்தது அந்த வருஷமா அதற்கு முந்தினதா என்று யோசித்துக்கொண்டிருந்தார், மேலிருந்து பார்த்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே.