பொலி பன்னிரண்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கல்முனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1982இல் பகலில் பிள்ளைகளுக்கும், பின்னேரம் நாலரையிலிருந்து பொழுதுபட மஃரிபு பாங்கு சொல்லும்வரை வளர்ந்தவர்களுக்கும் கணிதம் படிப்பித்தேன். வளர்ந்தவர்கள் பதினொரு பேர். எல்லாருக்கும் அரசாங்கக் கந்தோரின்கீழ் தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமானால் கணிதச் சோதினையில் சித்தியடைய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முன்வரிசையில் இருந்த, எல்லாரும் அண்ணன் முறை வைத்து அழைக்கும் ஆதம்பாவா காக்கா ஒன்பது வருஷமாகச் சம்மாந்துறைப் பக்கம் வயல் வாய்க்கால் கதவு திறந்து பூட்டுகிறவர். வயது நாற்பத்து நாலு. நாற்பத்தைந்தாகிவிட்டால் நிரந்தரமாக்க மாட்டார்கள். இந்தச் சோதினையை விட்டால் அவருக்கு வேறு சோதினை இல்லை.

ஒரு வாரமாகியும் x ஒருவர் தலையிலும் ஏறவில்லை. சரி, தெரிந்த விஷயத்தை வைத்துச் சொல்வோம் என்று நினைத்தேன்.

"களத்துல ஒரே அளவில ரெண்டு குவியல் நெல்லு. பக்கத்துல அஞ்சு மூட. எல்லாம் சேத்தா முப்பத்தஞ்சு மூட. ஒரு குவியல்ல எத்தின மூட இரிக்கும்? சும்மா ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெற்கதிர் மிதிக்கும் சூடடிப்புக் களத்திலேயே வளர்ந்த ஆட்கள், குவியலைப் பார்த்தவுடன் மூடைக் கணக்கை மனதில் போடக்கூடியவர்கள், தலையைக் குனிந்துகொண்டு கால் விரலைப் பார்க்கிறார்கள்.

"பத்தா? இருவதா? பிழையென்டாலும் பரவால்ல, சொல்லுங்களன்!"

பதினொரு தலையும் இன்னும் தாழ்ந்தன. எனக்கு உச்சிவரை ஏறிவிட்டது. "உங்களுக்குப் படிப்பிக்கிறதும் ஒன்டுதான், இந்தச் செவருக்குப் படிப்பிக்கிறதும் ஒன்டுதான்!" என்று கத்தி, கையிலிருந்த வெண்கட்டியை வீசினேன். அது ஜன்னல் கம்பியில் பட்டு மூன்று துண்டாகியது.

ஆதம்பாவா காக்கா எழும்பிப் போய் மூன்று துண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"கோவிக்காதீங்க டீச்சர். அளக்க முந்திக் களத்துல எத்தினயென்டு வாயால சொல்லப்படா. பறக்கத்துப் போயிரும், வெளச்சல் பெருகாது. நெல்லயும் நெல்லென்டு சொல்றல்ல. பொலி என்டுதான் சொல்ற."

"அப்ப அளக்காம ஒரு கணக்கும் பாக்கேலாதா?"

"ஏன் ஏலா? மதிப்புச் சொல்லத்தான் கூடா, கழிச்சுப் பாக்கலாம். அந்த அஞ்சு மூடயத் தள்ளி வெச்சா, ரெண்டு பொலியும் முப்பது. ஒரு பொலி பதினஞ்சி."

யா அல்லாஹ்! அதுதானே x! எத்தனையென்று சொல்லாமல், வேறு பேர் வைத்து, கடைசிவரை வேலை பார்க்கிறது. இங்கிலீசு எழுத்தைக் காட்டி ஒரு வாரம் மாரடித்தேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. x ஐ அழித்துவிட்டு 'பொ' என்று எழுதினேன். அதற்குப் பிறகு பதினொரு பேரையும் பிடிக்க முடியவில்லை. ஆதம்பாவா காக்கா ஒருபடி மேலே போய், "ரெண்டு குவியலும் ஒரே அளவில்லாட்டி என்ன செய்ற டீச்சர்?" என்று கேட்டார். "அது சோதினைக்கு வராது, புறகு பாப்பம்" என்றேன்.

இன்னொன்றும் கேட்டார். "சோதினையிலயும் பொலி என்டு எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க காக்கா. எந்த எழுத்தப் போட்டா என்ன? எந்த மடையன் பிழை போடுவான்?"

அந்த மடையன் கந்தோரில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். முடிவு வந்தபோது, பதினொரு பேரில் எட்டுப் பேர் பயத்தில் x போட்டுச் சித்தியடைந்திருந்தார்கள். இரண்டு பேர் கணக்கே பிழை. ஆதம்பாவா காக்கா மட்டும் என் பேச்சை நம்பினவர். அவருடைய விடைத்தாளைக் காட்டுங்கள் என்று போய் நின்றேன். '3பொ + 4 = 40. பொலி பன்னிரண்டு.' அதன் மேல் சிவப்புக் கோடு. ஐந்து கணக்கும் அப்படித்தான்.

"விடை சரிதானே சேர்?"

"விடை சரி. x எங்க?"

"கேள்வியில x போடச் சொல்லியிரிக்கா?"

"எல்லாரும் போடுறதுதானே டீச்சர்? இது கணக்குச் சோதினையா, சூடடிப்பா?" பக்கத்து மேசைக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

"பகலைக்கு உங்கட சோத்துக் கோப்பையில என்ன கிடந்த சேர்? x ஆ? அந்த மனிசன் தண்ணி திறந்து விட்ட பொலிதான் கிடந்த!"

சிரிப்பு நின்றது. அவர் தாளை மடித்துக் கோவைக்குள் வைத்தார். "முடிவு மேலிடத்துக்குப் போயிட்டு. ஏன் டீச்சர், x போட வேணும் என்டு அவருக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லயா?"

கந்தோரை விட்டு வெளியே வந்தேன்.

படலையடியில் காக்கா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "என்னவாம் டீச்சர்?"

"ஏலாதாம். நான்தான் காக்கா. நான்தான் உங்கள அப்பிடி எழுதச் சொன்ன."

"ஓம். நீங்கதான்."

இல்லை டீச்சர், நசீபு அவ்வளவுதான் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன். வெட்கமில்லாத ஆள் நான். "கோவம் வருதா?" என்று வேறு கேட்டேன்.

"வராம? ஒம்பது வருசம் டீச்சர்." ஸலாம்கூடச் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம், சித்தியடையாத மற்ற இருவருக்கும், புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்கும் வகுப்புத் தொடங்கியது. கரும்பலகையில் x என்று பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஆதம்பாவா காக்கா இருந்தார். கொப்பியும் கையுமாக. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சோதினை முடிஞ்சிட்டே காக்கா" என்றேன்.

"ரெண்டு குவியலும் ஒரே அளவில்லாட்டி என்ன செய்றயென்டு கேட்டன். புறகு பாப்பம் என்டீங்க."

மற்றக் கணக்குகளை அப்படியே விட்டேன். x, y என்று எழுதி அன்றைக்கு அதைத்தான் படிப்பித்தேன். எல்லாரும் x, y என்றே பார்த்து எழுதினார்கள். மஃரிபுக்குச் சற்று முன்னால் கடைசி வரிசைக்குப் போய் அவருடைய கொப்பியைப் பார்த்தேன். பெரிய பொலி இருபது, சின்னப் பொலி எட்டு. விடை சரி. சிவப்புப் பேனையை எடுத்து அதன் மேல் சரி போட்டேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.